வேல்ஸ் மாந்திரீகம்: நூல்வழியும் குருவழியும் கற்றல்

வேல்ஸ் மாந்திரீகம் என்பது பிரிட்டன் தீவின் மேற்கே அமைந்த வேல்ஸ் நாட்டில், வேல்ஸ் மொழி பேசுவோரிடையே வழங்கிய மந்திரிப்பு, குறி சொல்லுதல், செய்வினை எடுத்தல், மூலிகை வைத்தியம் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயர். 20-ஆம் நூற்றாண்டில் இவற்றின் பெயரால் எழுந்த பேகன் வழிபாட்டு நெறிகளையும் இச்சொல் உள்ளடக்கும். கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் போற்றுகிற இக்கால நெறிகளையே பேகன் நெறிகள் என்கிறோம். இவற்றைக் கற்க விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, புத்தகம் போதுமா, குரு வேண்டுமா என்பது. வேல்ஸ் மரபைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே பிற்காலத்தது. அங்கே மந்திரம் தெரிந்தவர் பலரின் கையில் நெடுங்காலமாகவே புத்தகம் இருந்திருக்கிறது.

கதைகளில் வரும் புத்தகம்

இன்று பேகன் நெறியினர் தெய்வமாக வணங்கும் கெரிட்வென், டலியேசின் கதையில் ஒரு தாயாக வருகிறாள். அழகற்றுப் பிறந்த மகனுக்கு ஞானமாவது கிடைக்கட்டும் என்று ஒரு கொப்பரையில் மூலிகை காய்ச்சுகிறாள். ஓராண்டும் ஒருநாளும் அது கொதிக்க வேண்டும். பார்வையற்ற முதியவர் அடுப்பெரிக்க, குவியன் என்னும் சிறுவன் கிளறுகிறான். கடைசியில் மூன்று துளி தெறித்து அவன் விரலைச் சுடுகிறது. விரலை வாயில் வைத்த அவனுக்கே ஞானம் போய்ச் சேர்கிறது. அவனே பின்னர் டலியேசின் என்னும் கவியாக மறுபிறப்பெடுக்கிறான். இக்கதையை 16-ஆம் நூற்றாண்டில் எலிஸ் கிரிஃபித் என்ற வேல்ஸ் படைவீரர் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் சீமாட்டி ஷார்லட் கெஸ்ட், வேல்ஸ் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியனின் தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் இதன் ஒரு வடிவத்தைச் சேர்த்தார்.

கெஸ்ட் தந்த வடிவத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி இருக்கிறது. கெரிட்வென் அந்தக் காய்ச்சலைத் தன் மனம்போன போக்கில் செய்யவில்லை. ஃபெரில்ட் என்போரின் நூல்களில் சொன்ன முறைப்படி செய்தாள். ஃபெரில் என்பது ரோமக் கவிஞர் வெர்ஜிலின் வேல்ஸ் பெயர். இடைக்கால ஐரோப்பா அவரைப் பெரிய மந்திரவாதியாகவும் நம்பியது. அந்தப் பெயரிலிருந்து வந்த சொல்தான் இன்றும் வேல்ஸில் மருந்துக்கடைக்காரரைக் குறிக்கிறது. ஆக, தெய்வமென்று வணங்கப்படுபவளும் ஏடு பார்த்தே மருந்து காய்ச்சியிருக்கிறாள்.

மத்வை ஊர் மருத்துவர்களின் கதையும் இதற்கு ஒத்ததே. லின் அ வான் வாஹ் ஏரியிலிருந்து எழுந்துவந்து ஒரு குடியானவனை மணந்த பெண், அவன் மூன்றாம் முறை அடித்ததும் அவனைப் பிரிந்து நீருக்குள் போய்விடுகிறாள். பின்னர் கரைக்கு வந்து மகன் ரிவாலனுக்கு மருத்துவக் குறிப்புகள் நிறைந்த ஒரு பையைக் கொடுக்கிறாள். அத்தோடு நிற்காமல், ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போய்ச் செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டி இது இதற்கு என்று சொல்லிக்கொடுக்கிறாள். அந்த இடம் மருத்துவர் பள்ளம் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. ஏடும் கொடுத்தாள், செடியையும் காட்டினாள். கற்பித்தல் என்பதற்கு வேல்ஸ் மரபில் இதைவிட முழுமையான சித்திரம் கிடையாது. கதை எப்படியிருந்தாலும், 13-ஆம் நூற்றாண்டில் ரிஸ் கிரிக் என்ற சிற்றரசரிடம் ரிவாலனும் அவர் புதல்வரும் மருத்துவராக இருந்ததாக ஏடு சொல்கிறது. அவர்கள் பெயரால் வழங்கும் மருத்துவக் குறிப்புகள் ஹெர்கெஸ்டின் செந்நூல் என்னும் பெருஞ்சுவடியில் உள்ளன. 1861-இல் அவை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறின.

மந்திரம் அறிந்தோர் வகை

வேல்ஸ் மொழியில் மந்திரம் அறிந்தவருக்கு ஒரே பெயர் இல்லை. சுயின் என்றால் மந்திரிப்பு. நோய்க்கு மந்திரித்துவிடும் பெண் சுயின்ரைக். கெடுதல் செய்பவள் க்வ்ராஹ். இவர்களுக்கெல்லாம் மேலே வைத்து எண்ணப்பட்டவர் டீன் ஹஸ்பிஸ், அதாவது 'அறிந்த மனிதர்'. களவுபோன பொருள், காணாமற்போன மாடு, காரணம் தெரியாத நோய், யார் வைத்த செய்வினை என்ற சந்தேகம் ஆகியவற்றுக்கெல்லாம் ஊரார் இவரிடம்தான் போனார்கள். நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் இவர்களை மூன்றாகப் பிரித்தனர்: நூல் கற்று வந்தவர், சாத்தானோடு உடன்படிக்கை செய்தவர், குடிவழியாகப் பெற்றவர். இரண்டாம் வகை ஊரார் அச்சத்தில் பிறந்தது. சான்றுள்ளவை மற்ற இரண்டுமே.

குடிவழிக்குத் தெளிவான சான்று அக்கிப் புண்ணுக்கு மந்திரிப்பது. வேல்ஸ் மொழியில் அக்கிக்கு எரிர், அதாவது கழுகு என்று பெயர். கழுகிறைச்சி தின்றவரும், தின்றவரின் வழிவந்தவரும் தலைமுறை தலைமுறையாக அதை மந்திரிக்கும் ஆற்றல் பெற்றவர் என்பது நம்பிக்கை. இங்கே புத்தகமும் இல்லை, குருவும் இல்லை. முன்னோர் உண்ட ஒரு வேளை உணவே தகுதி.

நூல்வழிக்குப் பெயர்பெற்றவர் கார்மார்தன்ஷயர் மாவட்டத்தின் கூர்ட் அ காட்னோ ஊரைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் (1785–1839). மருத்துவமும் சோதிடமும் பார்த்தவர். மனநோயாளிகளைக் குணப்படுத்துபவர் என்று பேர்போனவர். அவருக்குப் பின் மகன் ஹென்றி தொழிலைத் தொடர்ந்தார். ஹாரிஸ் வீட்டில் சங்கிலியிட்டுப் பூட்டிய ஒரு தடித்த புத்தகம் இருந்ததென்றும், ஆண்டுக்கு ஒருமுறை காட்டுக்குள் வட்டம் கீறி அதற்குள் நின்றுதான் அதைத் திறப்பார் என்றும் ஊரார் சொல்லிவந்தனர். அந்தக் குடும்பத்தின் நூல்களும் தாள்களும் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இன்று இருக்கின்றன, மந்திரங்கள் எழுதிய ஒரு கையேடு உட்பட. கதையில் சங்கிலி போட்டுக் கிடந்தது இப்போது வாசகர் மேசைக்கு வருகிறது.

நடு வேல்ஸில் லாங்கிரிக் வட்டாரத்து மந்திரக்காரர்கள் எழுதிக்கொடுத்த காப்புத் தாள்களும் கிடைத்துள்ளன. தாளைச் சுருட்டிப் புட்டியிலடைத்து மாட்டுக்கொட்டகையில் புதைத்துவைப்பார்கள். அவற்றில் அப்ரகடப்ரா முக்கோணம், கோள்களின் குறிகள், இலத்தீன் செபம், இன்ன பண்ணைக்காரரின் மாடு கன்றுகளைக் காக்க என்ற வேண்டுதல் ஆகியவை ஒரே தாளில் அடுத்தடுத்து வரும். பழந்தெய்வங்களின் பெயர் எதுவும் அவற்றில் இல்லை. இந்த உலகை வேல்ஸ் மொழியிலேயே ஆராய்ந்து எழுதியவர் ஜெர்மனியில் பிறந்த எகிப்தியவியல் அறிஞர் கேட் பாஸ்–கிரிஃபித்ஸ். 1977-இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே 'அறிந்த மனிதரின் உலகம்' என்று பொருள்படும்.

க்வென்

வாய்மொழியாகக் கற்றவர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அவர்களை விசாரித்த நீதிமன்றங்கள் எழுதிவைத்தது. அவற்றில் மனத்தை விட்டு அகலாதது க்வென் வெர்ஹ் எலிஸின் வழக்கு. துணி நூற்று நெய்து பிழைத்தவர். கூடவே மனிதருக்கும் மாட்டுக்கும் மருந்தும் மந்திரிப்பும் செய்தவர். தலைகீழாக எழுதப்பட்ட ஒரு மந்திரத் தாள் கிளோதைத் மாளிகையில், தாமஸ் மோஸ்டின் என்ற பெரும்புள்ளியின் கூடத்தில் அகப்பட்டது. அது இவர் வேலை என்றார்கள். தலைகீழாக எழுதுவது கெடுதல் செய்வதற்கு என்பது அக்கால நம்பிக்கை. 1594-இல் பிஷப் முன் விசாரிக்கப்பட்டபோது, தம் சகோதரியிடம் மந்திரம் கற்றதாக க்வென் சொன்னார். தாம் ஓதும் மந்திரத்தையும் சொல்லிக்காட்டினார். எழுத்தர் அதை வேல்ஸ் மொழியிலேயே எழுதிக்கொண்டார். அது தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் மூன்று மரியாள்களின் பெயராலும் காவல் கேட்கும் ஒரு செபம். அதே ஆண்டு டென்பியில் அவர் தூக்கிலிடப்பட்டார். வேல்ஸில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட முதல் ஆள் அவரே.

வேல்ஸில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 5 பேர். 1622-இல் கார்னர்வன் பகுதியில் ஒரே குடும்பத்து உடன்பிறந்தார் மூவரும், 1655-இல் பியூமாரிஸில் ஒரு பெண்ணும் மற்றவர்கள். ஸ்காட்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த காலம் அது. வேல்ஸில் எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு காரணம், செய்வினை என்று அஞ்சியவர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் டீன் ஹஸ்பிஸின் வாசலுக்குப் போனது. இவ்வழக்குகளை விரிவாக ஆராய்ந்த ரிச்சர்ட் சக்கெட்டின் நூல் 2008-இல் வெளிவந்தது. இத்துறைக்குள் நுழைகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கம்பளி நூல்

வாய்மொழி மரபு 20-ஆம் நூற்றாண்டுவரை உயிரோடிருந்ததற்கு நல்ல சான்று, மனச்சோர்வுக்கும் நெஞ்சு நோவுக்கும் நடு வேல்ஸில் செய்துவந்த நூலளவு வைத்தியம். வைத்தியர் நோயாளியின் பெயரையும் வயதையும் கேட்டுக்கொண்டு, கம்பளி நூலைத் தம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை மூன்று முறை அளப்பார். நோய் இருந்தால் நூல் சுருங்கி, அளவு விரல் நுனியை எட்டாமல் நிற்கும். பிறகு அந்த நூலை நோயாளியின் கழுத்தில் கட்டுவார். மீண்டும் அளக்கையில் நூல் நீண்டுவந்தால் நோய் இறங்குகிறது என்று பொருள். கார்டிஃப் அருகே 1948-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகம் இத்தகைய வழக்கங்களைப் பற்றி முதியவர்களின் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறது. அச்சுநூல்களில் எலியஸ் ஓவன் (1896), ஜான் ரிஸ் (1901), மேரி ட்ரெவெலியன் (1909), டி. க்வின் ஜோன்ஸ் (1930) ஆகியோரின் தொகுப்புகள் இன்றும் ஆசிரியர்கள் கைவசம் இருப்பவை.

யோலோவின் ஏடுகள்

புத்தகத்தை நம்பிக் கற்பவர் இடறும் இடம் யோலோ மொர்கானுக் (1747–1826). இயற்பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ், தொழில் கல்தச்சு. மாபெரும் கவிஞர், பழஞ்சுவடிகளை ஊரூராகத் தேடிப் படியெடுத்தவர். கிடைக்காதவற்றைத் தாமே எழுதிப் பழையவை என்று தந்தார். 1792-இல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் அவர் கூட்டிய கவிஞர் அவையான கோர்செத், 1819-இல் கார்மார்தனில் நடந்த ஐஸ்டெத்வொட் கலைவிழாவோடு இணைந்தது. இன்றும் வேல்ஸின் பெருமைக்குரிய சடங்கு அது. ஆனால் அது வழிபாடு அன்று, இலக்கிய விழா. அப்போது ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ்கூட 2002-இல் அதில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். யோலோவின் தாள்களிலிருந்து 1862-இல் வெளிவந்த 'பார்தாஸ்' என்னும் நூல், கிறித்தவத்துக்கு முந்தைய பூசாரிகளான ட்ரூயிடுகளின் மறைஞானம் என்று நெடுங்காலம் ஓதப்பட்டது. மூன்று கதிர்க் குறியும், பல ட்ரூயிட் குழுக்கள் ஓதும் வேண்டுதலும் அவரிடமிருந்தே வந்தவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஜே. வில்லியம்ஸ் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு உண்மையை நிறுவினார். இவை யோலோவின் படைப்பு என்று தெரிந்தே ஓதினால் அவற்றின் அழகு குறைவதில்லை. தெரியாமல் ஓதுவதுதான் இழப்பு.

அட்லாண்டிக் கடந்து

1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல், விக்கா என்னும் இக்காலப் பேகன் மாந்திரீக நெறியை விளக்கும் ஜெரால்ட் கார்ட்னரின் முதல் நூல் வெளிவந்தது. 1970-களில் நியூயார்க்கில் எட்மண்ட் புசின்ஸ்கி வேல்ஸ் பெயரில் ஒரு மந்திர மரபைத் தொடங்கினார். பெயர்கள் வேல்ஸ் நாட்டவை, சடங்கு விக்காவுடையது. பிற்கால அமெரிக்க நூல்கள் பலவும் இதே அமைப்பையே பின்பற்றின. அவற்றில் கணிசமானவற்றை அச்சிட்ட லூவெலின் பதிப்பகத்தைத் தொடங்கியவர் வேல்ஸின் ஸ்வான்சியில் பிறந்த சோதிடர் லூவெலின் ஜார்ஜ்.

மொழி

இத்தகைய நூல்களில் விட்டுப்போனது மொழி. வேல்ஸ் மொழியில் சொல்லின் முதலெழுத்து இடத்துக்கேற்பத் திரியும். நம் இலக்கணத்தின் புணர்ச்சியை ஓரளவு நினைவூட்டும் விதி இது. மகள் என்பதற்கு மெர்ஹ் என்று சொல். 'எலிஸின் மகள் க்வென்' என்னும்போது அது வெர்ஹ் ஆகிவிடும். வெர்ஹ் என்று அகராதியில் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. அவர்கள் மொழிக்கே உரிய இரட்டை எல் ஒலிக்கு, நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வைத்துக் குரலெழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். இதைப் புத்தகம் விளக்கலாம், ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லிக்காட்டினால்தான் நாவில் ஏறும். குரு இன்றியமையாதவர் ஆவது முதலில் இங்கேதான். வெளியார் இம்மந்திரங்களை ஓதலாமா என்ற கேள்விக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது: மொழியைக் கற்பவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

ஆசிரியர்கள்

1964-இல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கிய ட்ரூயிட் அமைப்பு பின்னர் அஞ்சல்வழிப் பாடமுறையைக் கொண்டுவந்தது. கவி, ஓவேட், ட்ரூயிட் என்ற மூன்று நிலைகள் அதில் உண்டு. ஆங்கிள்சி தீவில் பிறந்த கிறிஸ்டோஃபர் ஹியூஸ் 1999-இல் ஆங்கிள்சி ட்ரூயிட் அமைப்பை நிறுவினார். பிணவறையில் உடற்கூறாய்வுத் தொழில்நுட்பராகப் பணியாற்றியவர். கெரிட்வென் பற்றிய அவர் நூல் (2021) கதையின் சுவடி வரலாற்றையும் வழிபாட்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. அதே தீவைச் சேர்ந்த மாரா ஸ்டார்லிங்கின் வேல்ஸ் மாந்திரீக நூல் 2022-இல் வெளிவந்தது. இருவரும் வேல்ஸ் மொழி பேசுவோர்.

இன்றைய நிலை

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பேகன் என்று எழுதியோர் சுமார் 74,000, விக்கா என்று எழுதியோர் சுமார் 13,000. வேல்ஸில் வேல்ஸ் மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000.