மதீனத்து மூதாட்டியின் சட்டியும் நம் வீட்டுப் பீட்ரூட்டும்

நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். தம் நிலத்தின் வாய்க்கால் கரையோரம் அவர் ஒரு செடியைப் பயிரிட்டு வந்தார். அரபியில் அதன் பெயர் ‘ஸில்க்’. வெள்ளிக்கிழமை வந்தால் அச்செடியை வேரோடு பிடுங்கிச் சட்டியில் இடுவார். அரைத்த வாற்கோதுமையை ஒரு கைப்பிடி அள்ளி அதன்மேல் தூவி வேகவைப்பார். ஜும்ஆ தொழுது திரும்பும் நபித்தோழர்கள் அவர் வீட்டுக்குச் சென்று ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவை அவர்கள்முன் வைப்பார். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இந்த அறிவிப்பில் நாம் எளிதில் கடந்துபோகக்கூடிய இரண்டு விவரங்கள் உள்ளன. அந்தச் சட்டியில் கொழுப்போ நெய்ப்பசையோ இருந்ததில்லை என்பது ஒன்று. ஸில்க்கின் வேர்களே அதில் இறைச்சியின் இடத்தைப் பிடித்திருந்தன என்பது மற்றொன்று. ‘ஸில்க்’ என்பதைக் ‘கீரை’ என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டால் இரண்டாவது விவரம் மறைந்துவிடும். சட்டியில் வெந்தது இலை மட்டுமன்று, மண்ணுக்குள் இருந்த வேரும் சேர்ந்துதான்.

அந்த வேருக்கும், இன்று நாம் சந்தையில் வாங்கும் பீட்ரூட்டுக்கும் உறவு உண்டு. இரண்டும் ‘பீட்டா வல்காரிஸ்’ என்னும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஐரோப்பியக் கரைகளிலும் உப்புக் காற்றில் தானாக வளரும் கடற்பீட் இந்த இனத்தின் காட்டு வடிவம். அதிலிருந்து முதலில் இலைக்காகவும், பிறகு வேருக்காகவும் மனிதர் பல வகைகளைத் தேர்ந்து வளர்த்தார்கள். நம் கடைகளில் பாலக்கீரை என்று விற்கப்படுவதையும் இந்திய வேளாண் நூல்கள் இதே இனத்தின் ஒரு வகையாகவே குறிக்கின்றன. ஆனால் உருண்டு திரண்ட செங்கிழங்கு ஐரோப்பாவில் பரவியது பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். எனவே அந்த மூதாட்டி சமைத்தது இன்றைய பீட்ரூட்டையே என்று சொல்வது சரியாகாது. அதன் மூத்த உறவினரைச் சமைத்தார் என்பதே பொருத்தம்.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. ‘நபிவழி உணவு’, ‘நபி மருத்துவம்’ என்ற பெயர்களில் எதையும் விற்றுவிடலாம் என்னும் நிலை இன்று வந்திருக்கிறது. ஸில்க் பற்றி மற்றொரு ஹதீஸும் உள்ளது. நோயிலிருந்து தேறிவந்த அலீ (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றார்கள். அங்கே தொங்கிய பேரீச்சங்குலையிலிருந்து அலீ (ரலி) உண்ணத் தொடங்கியபோது, உடல் இன்னும் தேறவில்லை என்று கூறி நபியவர்கள் தடுத்தார்கள். பின்னர் உம்முல் முன்திர் சமைத்து வந்த ஸில்க்கையும் வாற்கோதுமையையும் உண்ணுமாறும், அதுவே அவருக்குப் பொருத்தமானது என்றும் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. நோயாளியின் நிலையறிந்து எளிதில் செரிக்கும் உணவைத் தரவேண்டும் என்ற வழிகாட்டல் இதில் இருக்கிறது. இந்நோயை, அந்நோயைப் பீட்ரூட் தீர்க்கும் என்ற வாக்குறுதி இதில் இல்லை. பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கைய்யிமும் ஸில்க்கைப் பற்றி எழுதும்போது அதை வானளாவப் புகழவில்லை. அதில் ஊட்டம் குறைவு என்றே சொல்கிறார். காடியும் கடுகும் சேர்த்தால் அதன் குறை நீங்கும் என்கிறார். சொல்லப்படாததை நபியின் பெயரால் சொல்லாதிருப்பதும் நம்மீதுள்ள அமானிதமே.

அரபு உலகில் ஸில்க் தொடர்ந்து அடுப்பேறியது. பத்தாம் நூற்றாண்டுப் பாக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் அதற்கு இடமுண்டு. பாரசீகர்கள் வேரைச் ‘சுகுந்தர்’ என்றார்கள். உருது மொழியில் அது ‘சுகந்தர்’ ஆயிற்று. ஈரானியத் தெருக்களில் குளிர்காலத்தில் ஆவி பறக்க விற்கப்படும் ‘லபூ’ வேகவைத்த பீட்ரூட்தான். பஞ்சாபிலும் உருது பேசும் குடும்பங்களிலும் அதை இறைச்சியோடு சேர்த்துச் ‘சுகந்தர் கோஷ்த்’ சமைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் அதன் கதை வேறு திசையில் சென்றது. 1747இல் பெர்லின் வேதியியலர் மார்க்ராஃப், பீட் வேரிலுள்ள சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே என்று கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது உலகச் சர்க்கரையில் பாதிக்கும் மேல் பீட்டிலிருந்தே வந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அரசு மானியம் கொடுத்து அதை இந்தியாவில் மலிவாகக் கொண்டுவந்து குவித்தன. உள்நாட்டுச் சர்க்கரைத் தொழில் நசிந்ததால் 1899இல் இந்திய அரசு அதன்மீது தனி வரி விதிக்க நேர்ந்தது. சில ஆண்டுகளில் எழுந்த சுதேசி இயக்கம் அந்நியத் துணியோடு அந்நியச் சர்க்கரையையும் விலக்கச் சொன்னது.

அந்த இயக்கத்தின் தென்னகத் தலைமகன் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872இல் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம். 1906இல் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, இரண்டு லட்ச ரூபாய்க்கு எட்டாயிரம் பங்குகளை வாங்கித் தோள் கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அந்நியச் சர்க்கரை விலக்கப்பட்ட அக்காலத்தில், இக்கரையின் பனங்கருப்பட்டி வேறெங்கும் கைநீட்டாத இனிப்பாக நின்றது.

காய்கறியாகப் பீட்ரூட் நமக்கு வந்தது மலைவழியாக. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரியில் ஏறி, பின்னர் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் வளர்க்க வழிசெய்தார். மலையில் விளைந்த கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் ‘இங்கிலீஷ் காய்’ ஆயின. கத்திரி, வெண்டை, புடலை எல்லாம் ‘நாட்டுக்காய்’ ஆயின. கடலுக்கு அப்பால் இலங்கையின் நுவரெலியா மலையிலும் இத்தகைய பயிர்கள் வேரூன்றின. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலும் தோணியும் ஓடிய காலத்தில் வணிகத்துக்குச் சென்று திரும்பியவர்கள் சரக்கோடு கைப்பக்குவத்தையும் அறிந்து வந்தார்கள்.

ஓட்டப்பிடாரத்தின் கரிசல் மண் மழையை நம்பியது. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய் ஆகியவையே அதன் பயிர்கள். பீட்ரூட் இங்கே வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். உடுமலையிலும் ஒட்டன்சத்திரத்துப் பகுதியிலும் இப்போது அது பெருமளவில் பயிராவதால் ஆண்டு முழுவதும் எளியோரும் வாங்கும் விலையில் கிடைக்கிறது. ஆயினும் பல வீடுகளில் தேங்காய்த் துருவல் போட்ட பொரியலோடு அதன் கதை முடிந்துவிடுகிறது.

சில பக்குவங்களை நினைவூட்டலாம். முழுக்கிழங்கை வேகவைப்பதானால் தோலைச் சீவாமல், காம்பில் சிறிது விட்டு வேகவைக்க வேண்டும். வெந்தபின் தோல் கையோடு உரிந்து வரும், சாறும் வீணாகாது. புளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் சிவப்பு நிலைக்கும், மண்வாடையும் தணியும். ஆப்பச்சோடா சேர்ந்தால் நிறம் கெடும். இலங்கை முறையில் ஆணம் வைப்பதானால் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு பட்டையோடு கிழங்கை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, இறக்கும் நேரத்தில் முதல் பாலை ஊற்றவேண்டும். வெந்த கிழங்கைத் துருவித் தயிரில் கலந்து கடுகு தாளித்தால் பச்சடி. இப்னுல் கைய்யிம் சொன்ன கடுகை நம் பெண்கள் அவரைப் படிக்காமலேயே சேர்த்து வந்திருக்கிறார்கள். இளம் இலைகளைப் பாசிப்பருப்போடு கீரையாக வதக்கலாம். ஆட்டுக்கறி ஆணத்தில் பாதிக் கறியைக் குறைத்து அந்த இடத்தில் பீட்ரூட் துண்டுகளைப் போட்டால் குழம்பு கெட்டிப்பட்டு இனிப்பும் காரமும் ஒன்றையொன்று தாங்கும். உண்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து வரும். அது கிழங்கின் சாயம், அஞ்ச வேண்டியதில்லை.

மதீனத்து முறையையும் ஒருநாள் செய்துபார்க்கலாம். ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்த பார்லி ஒரு கைப்பிடி, நறுக்கிய பீட்ரூட், அதன் இலை, தண்ணீர், உப்பு ஆகியவற்றோடு மெல்லிய தீயில் கஞ்சிப்பதம் வரும்வரை வைத்தால் போதும்.

அதன் சுவையைவிட அது எழுப்பும் கேள்வி பெரியது. நம் சமுதாயத்தில் விருந்து என்றால் நெய்ச்சோறும் களறிக்கறியும் பிரியாணியும் என்றாகிவிட்டது. அவை ஹலாலான இன்பங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கறி எடுக்க வசதியில்லை என்ற ஒரே காரணத்தால் உறவினரை வீட்டுக்கு அழைக்கக் கூசும் குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. கடன் வாங்கி விருந்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் அதை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘வெறும் காய்தானா?’ என்று விருந்தாளி வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. சஹனைப் பார்க்கும் ஒரு பார்வையே போதும், அந்த வீட்டுக் கதவு அடுத்த முறை திறக்காது.

மதீனத்து மூதாட்டியின் கதவு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திறந்தது. அவரிடம் இருந்தவை வாய்க்கால் கரையில் விளைந்த வேரும் ஒரு கைப்பிடித் தானியமும்தான். அதை உண்டவர்கள் பத்ரையும் உஹதையும் கண்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எவரும் சட்டியில் கறி இல்லையே என்று முகம் சுளித்ததாகச் செய்தி இல்லை. அந்த நாளுக்காக ஏங்கியதாகவே செய்தி இருக்கிறது. அழைப்பவரின் துணிவும் உண்பவரின் நன்றியும் சேர்ந்தே அந்த எளிய சட்டியை ஹதீஸ் நூலில் இடம்பெறச் செய்தன.

வரும் ஜும்ஆவுக்குப் பின் அண்டை வீட்டாரை அழைக்க, ஒரு கிலோ பீட்ரூட்டும் ஒரு மூடித் தேங்காயும் போதும். நம் வீடுகளின் கதவுகளை அல்லாஹ் விருந்தாளிகளுக்காகத் திறந்தே வைப்பானாக. உள்ளதைக்கொண்டு உபசரிக்கும் மனத்தையும், வைத்ததை மகிழ்ந்து உண்ணும் மனத்தையும் நமக்குத் தருவானாக.