வேதாந்தாங்கல்காரர்கள் வாங்கிய கவுல்



1752இல் கிளைவ் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். பிறகு இந்தப் பக்கமெல்லாம் கம்பெனிச் சிப்பாய்களின் நடமாட்டம். கையில் துப்பாக்கி இருந்தால் சும்மா இருக்குமா? வேதாந்தாங்கல் ஏரிக்குப் போய்ப் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, நேரே ஆட்சியரிடம் போய் நின்றார்கள். 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கே என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள்.

இது வெறும் ஜீவகாருண்யம் இல்லை, விவசாயக் கணக்கு. மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்து போகிறது. சுட்டவனுக்குக் கிடைப்பது இரண்டு கொக்கு. கலைந்து போகும் கூட்டத்தால் நஷ்டம் ஊர் முழுக்க. தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. டெக்சாஸில் நிலம் வாங்கியிருக்கும் நம் மாணவர் ஒருவர், காட்டுப்பன்றித் தொல்லைக்கு ஏஆர்-15 ரகத் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டிருந்தார். கேலி செய்ய வேண்டிய கேள்வி இல்லை. கம்பெனிச் சிப்பாய் மருந்தையும் குண்டையும் குழாய் வாயில் போட்டு இடித்து, நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே பெரிது. இதில் விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு. அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். தோளில் உதைப்பும் குறைவு. பன்றிகள் கூட்டமாக வந்து முதல் சத்தத்திலேயே சிதறுபவை, ஆகவே இது உண்மையான வசதிதான். ஆனால் குறி தவறிய குண்டு வேலியோடு நிற்காது, ஒரு மைலுக்கு மேலும் போகும். அந்த வேகத்தில் தவறுகளும் அடுத்தடுத்து நடக்கும். வீட்டில் பிள்ளைகள் வேறு.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1878 ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. வெள்ளைக்காரருக்கோ விலக்கு! இன்றைய 1959 சட்டத்தில் இந்த ரகம் தடை செய்யப்பட்டது. உரிமம் பெற்ற சாதாரணத் துப்பாக்கியும் 2019 திருத்தப்படி ஒருவருக்கு இரண்டுதான். தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பன்றியைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர்தான் சுட வேண்டும். அவர்கள் வருவதற்குள் கடலைக் கொல்லை போய்விடும். மதுராந்தகம் பக்கத்து விவசாயியிடம் நம் சட்டம்தான் சிறந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தம்பி, உன் ஊர்ச் சட்டம் உன்னை அனுமதிக்கிறது. ஆனாலும் முதலில் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய், நீ எந்தத் திசையில் சுடுவாய் என்று சொல்லிக் கேள். அவர் சரி என்றால் துப்பாக்கிக்கு முன் பூட்டுள்ள இரும்புப் பெட்டியை வாங்கு.