கண்ணில் குறையே இல்லை, ஆனாலும் பார்வை தெரியலை... அது எப்படி? மூளை ‘பார்க்கும்’ விதம் இதுதான்!

பள்ளிகளில் நடக்கும் கண் பரிசோதனை முகாம்களில் இப்படி ஒரு பிள்ளை வருவதுண்டு. ஏழெட்டு வயசு இருக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எல்லாம் சரி. வலது கண்ணை மூடச் சொன்னதும் போர்டில் இருக்கும் பெரிய எழுத்தைக்கூடப் படிக்க முடியாமல் திணறும். "விளையாடாம ஒழுங்கா பார்த்துச் சொல்லு" என்று டீச்சர் அதட்டுவார். பிள்ளை நிஜமாகவே பார்த்துத்தான் சொல்கிறது.

டாக்டர் லைட் அடித்துப் பார்த்தால் லென்ஸ் தெளிவாக இருக்கும். விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கும். சரியான பவரில் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் எழுத்து முழுசாகத் தெளியாது.

கண் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் பார்வை எங்கே போச்சு?

பதில் கண்ணில் இல்லை, பின்மண்டையில் இருக்கிறது. கண் வெளிச்சத்தை வாங்கி சிக்னலாக மாற்றி அனுப்பும். அதை மரம், பஸ், அம்மா முகம் என்று ஆக்குவது மூளைக்குள் இருக்கும் நியூரான் கூட்டங்கள். அந்த நியூரான்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வலைப்பின்னலைத்தான் 'நியூரல் சர்க்யூட்' என்கிறார்கள்.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு போனைக் கீழே வையுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டை விரல்களை ஒட்டினாற்போல் நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண் இடது கட்டை விரலையே பார்க்கட்டும். இப்போது வலது கட்டை விரலை மட்டும் மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப் போனதும் விரலின் நுனி காணாமல் போகும்! இன்னும் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும்.

விழித்திரையிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதனால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆனால் விரல் நுனி மறைந்த இடத்தில் கறுப்புப் புள்ளி எதுவும் தெரியாது. பின்னால் இருக்கும் சுவரின் நிறம்தான் தெரியும். அங்கே என்ன இருக்கும் என்று சுற்றுப்புறத்தை வைத்து மூளையே நிரப்பிவிடுகிறது. பிறந்ததிலிருந்து இந்த வேலை நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை.

கண் அனுப்புவது போட்டோவா?

கண்ணை கேமராவோடு ஒப்பிட்டே நமக்குப் பழகிவிட்டது. லென்ஸ் வரைக்கும் அது சரி. அதற்குப் பிறகு கதை வேறு.

ஒரு விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சுமார் 10 கோடி இருக்கின்றன. ஆனால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பது சுமார் 10 லட்சம் இழைகள்தான். அத்தனை தகவலையும் அப்படியே அனுப்ப வழியில்லை. அதனால் விழித்திரையே பாதி வேலையை முடித்துவிடுகிறது. 'இங்கே இவ்வளவு வெளிச்சம்' என்று சொல்வதைவிட, 'பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டால் இங்கே வெளிச்சம் கூட, அங்கே குறைவு' என்று வித்தியாசத்தைத்தான் அது அதிகம் சொல்லி அனுப்புகிறது.

இதனால்தான் ஒரு வேடிக்கை நடக்கிறது. பட்டப்பகல் வெயிலில் பேப்பர் படிக்கும்போது கறுப்பு எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம், வீட்டுக்குள் டியூப்லைட்டின் கீழே இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருவதைவிட அதிகம். ஆனாலும் எழுத்து கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிகிறது.

இன்னொரு விஷயம். நாம் எதிரே இருப்பதை எல்லாம் தெளிவாகப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மிகத் தெளிவாகத் தெரியும் பகுதி, கையை நீட்டினால் கட்டை விரல் நகம் மறைக்கும் அளவுதான். அந்தச் சின்ன வட்டத்தை வைத்துக்கொண்டு கண் ஒரு நொடிக்கு சுமார் மூன்று முறை இங்கும் அங்கும் தாவுகிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கலான காட்சியை மூளை அமுக்கிவிடும். நம்பிக்கை இல்லையா? கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் வழியில் ஒரு இடத்தில் சந்தித்து, பாதி இழைகள் பக்கம் மாறும். அதனால் இடப்பக்கக் காட்சி மூளையின் வலது பாதிக்கும், வலப்பக்கக் காட்சி இடது பாதிக்கும் போகும். நடுவில் தாலமஸ் என்ற ஜங்ஷன். அங்கிருந்து பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணிக்கு.

துப்பாக்கிக் குண்டு காட்டிக்கொடுத்த மேப்

பின்மண்டையில் எந்த இடம் எதைப் பார்க்கிறது என்பது ஒரு போரின் புண்ணியத்தில்தான் தெரிய வந்தது. 1904-05ல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதிக்கொண்டன. ரஷ்யத் துப்பாக்கிகளின் குண்டு சிறியது, வேகம் அதிகம். மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறிவிடும். பல ஜப்பானிய வீரர்கள் உயிர் பிழைத்தார்கள், ஆனால் பார்வையில் ஒரு பகுதி மட்டும் போய்விட்டது.

பார்வை இழந்த வீரர்களுக்கு எவ்வளவு பென்ஷன் கொடுப்பது என்று கணக்குப் பார்க்கும் வேலை டட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவருக்கு. அவர் குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து, நடுவில் மூளையின் எந்தப் பகுதி சிதைந்திருக்கும் என்று கணக்கிட்டார். யாருக்கு எந்த மூலை தெரியவில்லை என்பதோடு அதைப் பொருத்திப் பார்த்தார். 1909ல் அதை வெளியிட்டார். உலகம் மூளையில் ஒரு வரைபடம் போல ஒழுங்காகப் பதிகிறது. ஆனால் அளவு சமமில்லை. நடுவில் இருக்கும் அந்தக் கட்டை விரல் நக அளவுக்கு மட்டும் மூளை ஏகப்பட்ட இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. பென்ஷன் கணக்கு பார்க்கப் போய் கிடைத்த கண்டுபிடிப்பு!

பூனையும் கண்ணாடி ஸ்லைடும்

மேப் கிடைத்தது. ஆனால் அங்கே இருக்கும் ஒவ்வொரு நியூரானும் என்னதான் செய்கிறது?

1958, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மயக்கத்தில் இருந்த பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையைச் செருகி, ஒற்றை நியூரானின் சிக்னலை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு, வெளிச்சப் புள்ளி என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மணிக்கணக்கில் பார்த்தும் அந்த நியூரான் கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு கட்டத்தில் ஸ்லைடைக் கருவிக்குள் தள்ளும்போது ஸ்பீக்கர் படபடவென்று வெடித்தது. கறுப்புப் புள்ளிதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். இல்லை. ஸ்லைடின் கண்ணாடி விளிம்பு, திரையில் ஒரு மெல்லிய நிழல் கோடாக நகர்ந்திருக்கிறது. அந்த நியூரானுக்குத் தேவைப்பட்டது அந்தச் சாய்வில் இருக்கும் அந்தக் கோடுதான். கோட்டைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் அடங்கிவிடும்.

தொடர்ந்து தேடியதில், பக்கத்திலிருக்கும் நியூரான்களில் ஒன்று நெட்டுக் கோட்டுக்கு, ஒன்று கிடைக்கோட்டுக்கு, ஒன்று சாய்ந்த கோட்டுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இதற்காக 1981ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது எப்படி நடக்கிறது? வெளிச்சப் புள்ளிகளைச் சொல்லும் பல நியூரான்கள், வரிசையாக நின்று ஒரே நியூரானுக்கு சிக்னல் அனுப்பினால், அது கோட்டைக் கண்டுபிடிக்கும் நியூரானாகிவிடும். அதற்கு அடுத்த கட்டத்தில் மூலை, வளைவு. இன்னும் மேலே உருவங்கள். காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில், முகங்களுக்கு மட்டும் அதிகமாகத் துடிக்கும் ஒரு பகுதியே இருக்கிறது. நிஜத்தில் இது இவ்வளவு நேர்கோடாக நடப்பதில்லை, ஆனால் அடிப்படை இதுதான். உங்கள் போன் உங்கள் முகத்தைப் பார்த்து லாக் திறக்கிறதே, அந்த வகை கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளின் பூர்வீகமும் இந்தப் பூனைதான். 1980ல் ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா, ஹூபெல்-வீசல் சொன்ன அமைப்பைப் பார்த்துத்தான் 'நியோகாக்னிட்ரான்' என்ற மாதிரியை உருவாக்கினார்.

டீ ஊற்ற முடியாத பெண்

உருவம் ஒரு இடத்தில், நிறம் ஒரு இடத்தில், அசைவு இன்னொரு இடத்தில் என்று மூளை வேலையைப் பங்கு போட்டிருக்கிறது. அதில் ஒரு இடம் மட்டும் கெட்டுப்போனால்?

1983ல் ஜெர்மனி மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மூளையின் இரண்டு பக்கமும் ஒரு குறிப்பிட்ட பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. அவருக்கு நிறம் தெரியும், பொருட்கள் தெரியும், எழுத்துப் படிப்பார். ஆனால் அசைவு மட்டும் தெரியாது. கப்பில் டீ ஊற்றினால் அது பனிக்கட்டி போல உறைந்து நிற்பதாகத் தெரியும். கப்பில் டீயின் மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது, வழிந்துவிடும். ரோட்டைக் கடக்கப் போனால் தூரத்தில் இருந்த கார் திடீரென்று பக்கத்தில் நிற்கும். நடுவில் வந்தது தெரியாது. மனிதர்கள் நிறைய இருக்கும் அறையில் அவரால் இருக்கவே முடியவில்லை. இங்கே இருந்தவர் சட்டென்று அங்கே இருந்தால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

நாம் ஒரே காட்சி என்று நினைப்பது, இப்படிப் பல இடங்களில் தனித்தனியாகச் செய்யப்பட்டு வருவது. அவை எப்படி ஒரே அனுபவமாகச் சேர்கின்றன என்பது மூளை அறிவியலில் இன்னும் முடிச்சு அவிழாத கேள்வி.

மேலிருந்தும் சிக்னல் வருது

கண்ணிலிருந்து மூளைக்கு மட்டும்தான் தகவல் போகும் என்று நினைத்தால் தப்பு. தாலமஸ் ஜங்ஷனுக்கு வரும் இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை சுமார் பத்தில் ஒரு பங்குதான். மூளையின் மேல் பகுதிகளிலிருந்து கீழே வரும் இணைப்புகள் அதைவிட அதிகம். 'இங்கே இதுதான் இருக்கும்' என்ற எதிர்பார்ப்பும் கண் அனுப்பும் சிக்னலும் கலந்துதான் காட்சி உருவாகிறது.

2015 பிப்ரவரியில் சமூக வலைதளங்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது ஞாபகம் இருக்கா? ஒரே டிரெஸ் போட்டோ, சிலருக்கு நீலம்-கறுப்பு, சிலருக்கு வெள்ளை-தங்க நிறம். நிழலில் எடுத்த போட்டோ என்று மூளை எடுத்துக்கொண்டால் வெள்ளை, மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தது என்று எடுத்துக்கொண்டால் நீலம். டிரெஸ் உண்மையில் நீலம்-கறுப்பு. ஆனால் வெள்ளை என்று சத்தியம் செய்தவர்களும் பொய் சொல்லவில்லை.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?

இந்த சர்க்யூட் எல்லாம் பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. ஹூபெலும் வீசலும் 1963ல் இதைக் காட்டினார்கள். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணின் இமையை மட்டும் சில மாதங்கள் மூடி வைத்துவிட்டுத் திறந்தார்கள். கண்ணில் பழுது எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணால் குட்டிக்கு எதையும் பார்க்க முடியவில்லை. பார்வைப் புறணியில் அந்தக் கண்ணின் சிக்னலுக்கு பதில் தரும் நியூரான்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. அந்த இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டது. வளர்ந்த பூனையிடம் அதே சோதனையைச் செய்தால் இந்தப் பாதிப்பு வரவில்லை. கேட்கவே கஷ்டமான சோதனைதான். ஆனால் குழந்தைகளின் கண் சிகிச்சையை மாற்றியதும் இதுதான்.

முகாமில் திணறிய பிள்ளையின் தலைக்குள் நடந்ததும் இதே போன்றதுதான். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்திருக்கலாம், மாறுகண் இருந்திருக்கலாம். அந்தக் கண் கலங்கலான சிக்னலையே அனுப்பியது. மூளை அதை ஒதுக்கிவிட்டு, நல்ல கண்ணை மட்டும் நம்பி வளர்ந்துவிட்டது. இதுதான் 'சோம்பேறிக் கண்' எனப்படும் ஆம்ப்ளியோபியா. பேர்தான் அப்படி, கண்ணோ பிள்ளையோ சோம்பேறி கிடையாது. ஒரு கண் நன்றாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கே தெரியாது.

சிகிச்சை ரொம்ப எளிமையானது. முதலில் சரியான கண்ணாடி. பிறகு தேவைப்பட்டால் நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடுவது, அல்லது அதில் சொட்டு மருந்து விட்டுப் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்வது. வேறு வழியில்லாமல் மூளை அந்த இன்னொரு கண்ணைக் கவனிக்கும், இணைப்புகள் வலுப்படும். 7 வயசுக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். அதற்கு மேலும் பலன் கிடைக்கும், ஆனால் வயசு ஏற ஏற வேகம் குறையும்.

அப்படியென்றால் பிறவியிலேயே பார்வை இல்லாமல் பல வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களின் கதி? இதற்கு இந்தியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிராஜெக்ட் பிரகாஷ்' மூலம், பிறவிக் கண்புரை போன்ற குறைகளோடு வளர்ந்த வட இந்தியப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்யப்பட்டது. தொட்டு மட்டுமே அறிந்த பொருளை, பார்வை வந்ததும் பார்த்தே அடையாளம் சொல்ல முடியுமா? 1688ல் வில்லியம் மாலினோ என்பவர் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்குக் கடிதத்தில் எழுப்பிய கேள்வி இது. 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் நடத்திய சோதனை முடிவு 2011ல் வெளியானது. ஆபரேஷன் முடிந்த கையோடு கேட்டால் முடியவில்லை. ஆனால் சில நாட்கள், வாரங்கள் கழித்து மறுபடி சோதித்தபோது முன்னேறியிருந்தார்கள்.

ஆரம்பத்தில் இப்படிப் பார்வை பெற்றவர்களுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த வட்டமும் சதுரமும் இரண்டு உருவமாகத் தெரியாமல் தனித்தனித் துண்டுகளாகத் தெரிந்தது. அந்த உருவங்களை அசைத்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொண்டார்கள். சேர்ந்து நகர்வது ஒரே பொருள் என்பதிலிருந்துதான் மூளை பாடத்தைத் தொடங்குகிறது. கூர்மை முழுசாகத் திரும்பவில்லை. ஆனாலும் பழகப் பழகப் பார்வை பயன்பட ஆரம்பித்தது.

எப்போ டாக்டரிடம் போகணும்?

பிள்ளை டி.வி.யைத் தலையைச் சாய்த்துப் பார்த்தால், ஒரு கண்ணை மட்டும் நீங்கள் கையால் மறைக்கும்போது அழுது தட்டிவிட்டால், நாலைந்து மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். 'வளர வளர சரியாகிடும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போட்டால் போவது மூளை பழகும் காலம்தான். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஸ்கூலில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக டெஸ்ட் செய்துவிடுவது நல்லது.

பிறவிக் கண்புரை இருந்தால் வருஷக் கணக்கு இல்லை, வாரக் கணக்கு. பிறந்த 6 முதல் 8 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடவே மருத்துவர்கள் விரும்புவார்கள். இதைக் கண்டுபிடிக்க உங்கள் போன்கூட உதவலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். வெறும் கோணத்தாலும் அப்படித் தெரிவதுண்டு. அதை நீங்களே முடிவு செய்யாமல், போட்டோவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.