பாஸ்டன் சிம்பொனி ஹாலும் பட்டம் பெறாத ஒரு மாணவரும்

பாஸ்டன் நகரில் கோடை தொடங்கும்போது பழைய மாணவர்கள் கூட்டங்கள் களைகட்டும். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஆண்டுதோறும் ஒரு மாலை சிம்பொனி ஹாலில் கூடி, பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரி கேட்பார்கள். நூறு ஆண்டுகளைத் தாண்டிய வழக்கம் இது. என் மருமகள் அங்கே படித்தவள். சில ஆண்டுகளுக்கு முன் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, "மாமா, நீங்களும் வாங்க" என்று அழைத்துப் போனாள்.

நம் சபாக்களில் கச்சேரி உள்ளே, சாப்பாடு வெளியே கேன்டீனில். அங்கே கீழ்த்தளத்தில் இருக்கை வரிசைகளையே எடுத்துவிட்டு மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். எண்பது வயதைக் கடந்தவர்களும் நேற்றுப் பட்டம் வாங்கியவர்களும் ஒரே மேசையில் இருந்தார்கள். அந்த மண்டபத்தின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை 1881-ல் தொடங்கியவர் ஹென்றி லீ ஹிகின்சன். ஹார்வர்டில் சேர்ந்து, கண் கோளாறால் படிப்பைப் பாதியில் விட்டவர். இசை படிக்க வியன்னா போனார். கையில் ஏற்பட்ட கோளாறால் அதுவும் கைகூடவில்லை. உள்நாட்டுப் போரில் காயம்பட்டார். பிறகு வங்கித் தொழிலில் பணம் சேர்த்தார். தான் வாசிக்க முடியாத இசையை ஊரார் கேட்கட்டும் என்று ஆர்கெஸ்ட்ரா வைத்தார். வரவுக்கும் செலவுக்கும் இடையே துண்டு விழும் தொகையை ஏறத்தாழ 37 ஆண்டுகள் தன் கையிலிருந்தே கொடுத்தார். குமாஸ்தாவாகக் கணக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்கு இது சாதாரணமாகத் தெரியவில்லை. அத்துடன், 25 சென்ட்டுக்கு டிக்கெட் இருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

கலைஞர்களுக்குக் கோடையில் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. வேலை தேடி அவர்கள் வெளியூர் போய்விடாமல் இருக்க, 1885-ல் கோடைக் கச்சேரிகள் தொடங்கின. எளிய மெட்டுகள், மேசை, சிற்றுண்டி. பாப்ஸ் என்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். அதை 1930 முதல் 1979 வரை நடத்திய ஆர்தர் ஃபீட்லரும், அந்த ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்த ஒருவரின் மகனே.

இனி மண்டபத்துக்கு வருவோம். 1895-ல் ஹார்வர்டில் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில், ஒரு சொல்லின் எதிரொலி அடங்க 5.5 விநாடி ஆனது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொல் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியாது. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரின் தலையில் விழுந்தது. அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இந்தக் கூடத்துக்குத் தூக்கி வருவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். மெத்தையைக் கூட்டுவார், குறைப்பார், மறுபடி அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். இப்படிச் சில ஆண்டுகள் உழைத்துத்தான், கூடத்தின் அளவுக்கும் ஒலியை உறிஞ்சும் பொருளுக்கும் உள்ள கணக்கைக் கண்டுபிடித்தார்.

ஹிகின்சன் புது மண்டபம் கட்ட முனைந்தபோது சபைனை அழைத்தார்கள். 1900 அக்டோபர் 15 அன்று திறந்த சிம்பொனி ஹால், ஒலியியல் கணக்குப் போட்டுக் கட்டிய முதல் கச்சேரி மண்டபம் என்று பெயர் பெற்றது. தொடக்கத்தில் விமர்சகர்கள் எல்லோரும் மெச்சவில்லை. இன்று உலகின் மிகச் சிறந்த மண்டபங்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள். சபைன் 1919-ல், ஐம்பது வயதில் காலமானார்.

இந்தக் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. கண்டக்டர் என்றால் நமக்கு பஸ்தான் நினைவுக்கு வரும். என் பிரெஞ்சுப் பள்ளியில் 'ஷெஃப் தோர்க்கெஸ்த்ர்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பதவியில் அப்போது இருந்தவர் ஜெர்மனியில் பிறந்த கார்ல் முக். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-ல், பிராவிடன்ஸ் நகரக் கச்சேரியில் அமெரிக்க தேசப் பாடலை வாசிக்கவில்லை என்று பத்திரிகைகள் அவர்மேல் பாய்ந்தன. வாசிக்கும்படி கோரிக்கை வந்ததே அவருக்குத் தெரியாது, நிர்வாகம் சொல்லவில்லை. அடுத்த கச்சேரிகளில் வாசித்தும் பயனில்லை. சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருந்தும் 1918 மார்ச்சில் கைது செய்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு முகாமில் அடைத்தார்கள். 1919-ல் நாடு கடத்தினார்கள். பெரியவர் ஹிகின்சன் மனமொடிந்து 1918-ல் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு மறைந்தார்.

ஜெர்மானியர் போன இடத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். முதலில் ஆன்றி ரபோ, பிறகு பியேர் மோந்த்தே. 1920-ல் சங்கம் அமைக்கும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் நடந்து, கலைஞர்கள் பலர் வெளியேறினர். மோந்த்தேதான் ஆர்கெஸ்ட்ராவை மறுபடி உருவாக்கினார். பின்னாளில், 1949 முதல் 1962 வரை, ஸ்ட்ராஸ்பூரில் பிறந்த ஷார்ல் முன்ஷ் நடத்தினார். முதல் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர், பின்பு பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். எல்லைக்கோடு நகர்ந்தால் மனிதனின் நாடு மாறிவிடும் என்பது புதுச்சேரிக்காரர்களான நமக்குப் புதிதல்ல.

மேடைக்கு மேலே இசைமேதைகளின் பெயர் பொறிக்கச் சட்டங்கள் அமைத்திருக்கிறார்கள். யார் யார் பெயரைப் போடுவது என்பதில் நிர்வாகிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு பெயருக்குத்தான் எல்லோரும் தலையாட்டினார்கள்: பீத்தோவன். மற்றவை இன்றும் வெற்றாகவே இருக்கின்றன. ஜெர்மன்காரர் என்று முக்கைப் பிடித்துப் போன ஆண்டிலும், ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவரின் அந்தப் பெயர் அங்கேயேதான் இருந்தது.