பர்மா நகர் என்னும் பெயர்

எண்ணூரில் பர்மா நகர் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே பர்மா பஜார். மாலையானால் அதன் பக்கத்துத் தெருக்களில் அத்தோ விற்கும் தள்ளுவண்டிகள். ராயபுரத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் இந்தப் பெயர்களை அன்றாடம் கடந்து போகிறோம். ஒரு நாள் வகுப்பில் பூர்வீகம் பற்றிப் பேச்சு வந்தபோது மாணவர் ஒருவர் சொன்னார்: "ரங்கூன்ல எங்க தாத்தாவ இந்தியாக்காரன்னு சொன்னாங்களாம். இங்க வந்தா பர்மாக்காரன்னு சொன்னாங்களாம், சார்." வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை.

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூனில் இறங்கிய தமிழர் எந்த நாட்டு எல்லையையும் கடக்கவில்லை. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரில் பாதிக்கும் அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் வயல்களிலும் உழைத்த கூலிகள்.

பர்மியரின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. பொருளாதார மந்தத்தின்போது கடனுக்கு ஈடாக நிலங்கள் கை மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. நிலத்தை இழந்த உழவனின் கண்ணுக்கு வட்டிக்கடைக்காரரும் மூட்டை தூக்குபவரும் ஒரே இனமாகத்தான் தெரிந்தார்கள். அந்தப் பார்வையைப் பின்னாளில் அரசே தன் பார்வையாக்கிக்கொண்டது.

1948இல் பர்மா விடுதலை பெற்றது. நெடுங்காலம் அங்கே வாழ்ந்த இந்தியர் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்கு விண்ணப்பம் எங்கே, சான்று எங்கே? விண்ணப்பித்தவர்களிலும் பலருக்கு முடிவு வரவில்லை. அவர்கள் அயலாராகப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, பிறந்த ஊரிலேயே தங்க அனுமதி பெற்றார்கள்.

1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகளும் பறிபோயின. மே 17இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. 'வெளியேறு' என்று யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை. தொழிலையும் கையிருப்பையும் பறித்துவிட்டால் மனிதன் தானே கப்பலைத் தேடிப் போவான். புறப்பட்டவர்கள் எடுத்துச் செல்லும் பணத்துக்கும் நகைக்கும் கடுமையான வரம்பு இருந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்து சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். திரும்பிப் போக விரும்பித் தரைவழியே நடந்த சிலர் மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழர் கோயில் உண்டு.

அன்று டில்லியும் ரங்கூனும் பகை நாடுகள் அல்ல. நேருவும் ஊ நூவும் நெருங்கிய நண்பர்கள். 1949இல் உள்நாட்டுக் கிளர்ச்சியால் தடுமாறிய பர்மிய அரசுக்கு இந்தியா ஆயுதம் அனுப்பியது. 1955 பாண்டுங் மாநாட்டில் இரு நாடுகளும் தோளோடு தோள் நின்றன. 1962 சீனப் போருக்குப் பின் பர்மாவைப் பகைத்துக்கொள்ள இந்தியா விரும்பவில்லை. 1965 பிப்ரவரியில் நே வின் இந்தியா வந்தார். டிசம்பரில் சாஸ்திரி ரங்கூன் சென்றார். 1967இல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரை எண்ணிக்கையாகப் பங்கிட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் 1964 அக்டோபரில்தான் ஏற்பட்டது. நட்பைக் காக்க வேண்டிய இடங்களிலெல்லாம் இந்தியா விட்டுக்கொடுத்தது இந்த எளிய மனிதர்களைத்தான்.

2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியரை ஏற்றிக்கொண்டு அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் இறங்கியது. வந்தவர்கள் கையிலும் காலிலும் விலங்கோடு பயணம் செய்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆட்களைத் திருப்பி அனுப்புவது புதிதல்ல என்று அரசு விளக்கியது. எட்டு நாள் கழித்துப் பிரதமர் வாஷிங்டனில் அதிபரைச் சந்தித்தார். அந்த அடக்கத்துக்கும் பலன் கிட்டவில்லை. ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்க வரி 50 விழுக்காடானது. இரு நிகழ்வுகளும் ஒன்றல்ல என்பதை அறிவேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் உரிய அனுமதியின்றி அமெரிக்காவில் இருந்தவர்கள்; ரங்கூன்காரர்களோ தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள். குடியேற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்த எந்த அரசுக்கும் உரிமை உண்டு. ஆனால் விலங்கு பூட்டுவது எந்தச் சட்டத்தின் தேவை என்ற கேள்வியும், நட்பு நாடு அதை எவ்வளவு உரக்கக் கேட்டது என்ற கேள்வியும் பழையவைதான்.

இந்தக் கேள்விகளைப் பிறரை நோக்கி மட்டும் கேட்டுவிட்டு நாம் எழுந்துவிட முடியாது. எண்ணூரிலிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் கும்மிடிப்பூண்டி. 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழரின் முகாம் அங்கே இருக்கிறது. 2003 குடியுரிமைத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக்கி அவர்களுக்கு வழியை அடைத்தது. 2019 திருத்தம் திறந்த வழியில் இலங்கைக்கு இடமில்லை. 2025இல் பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. குடியுரிமை கிடைக்கவில்லை.

1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு நம் இலக்கியத்தில் இடமுண்டு. வெ. சாமிநாத சர்மா அந்த நடைப்பயணத்தை எழுதினார். 'பராசக்தி'யின் கதையும் அந்தப் போர்க்கால ரங்கூனில்தான் தொடங்குகிறது. 1964இன் கப்பல்களுக்கு அத்தகைய இடம் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவை ஊர்ப்பெயராகவும் உணவாகவும் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

அந்த மாணவரிடம், தாத்தா சொன்னதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னேன். "தாத்தா இல்லையே, சார்" என்றார். பாட்டி இருக்கிறாராம்.