துப்பாக்கிப் பள்ளத்தாக்கு

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கனெக்டிகட் ஆற்றங்கரைக்கு மேலே உள்ள மேட்டில் பழைய அரசு ஆயுதச்சாலை ஒன்று இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே உயரமான மரச்சட்டத்தில் நூற்றுக்கணக்கான மஸ்கட் துப்பாக்கிகளை அடுக்கடுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். 1843-இல் புதுமாப்பிள்ளையாக, மனைவியோடு இங்கே வந்தார் கவிஞர் லாங்ஃபெல்லோ. அந்தக் குழல்கள் தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தின் குழல்களைப் போல இருக்கின்றன என்று சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி. அமைதியைப் பற்றி ஒரு கவிதை எழுதும்படி கணவரை வற்புறுத்தியதும் அவர்தான். லாங்ஃபெல்லோ எழுதினார். கவிதை புகழ்பெற்றது. ஆயுதச்சாலை அதற்குப் பிறகு 1968 வரை ஓடியது.

கனடா எல்லையருகே பிறந்து, நான்கு மாநிலங்களைத் தொட்டு, சுமார் 650 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது கனெக்டிகட் ஆறு. அமெரிக்காவின் பேர்போன துப்பாக்கிகள் பலவும் இதன் கரையிலும் அக்கம்பக்கத்திலும் பிறந்தவை. ஸ்பிரிங்ஃபீல்டில் படைத் துப்பாக்கியும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும், ஹார்ட்ஃபோர்டில் கோல்ட், சற்றே தள்ளிக் கடலோர நியூ ஹேவனில் வின்செஸ்டர். வட்டாரத்துக்கே 'துப்பாக்கிப் பள்ளத்தாக்கு' என்று பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பதை அமெரிக்கர்கள் பலர் ஏன் இவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள், அதனால் போகும் உயிர்களை எப்படிக் குறைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஆற்றங்கரையில் தடயம் கிடைக்கிறது.

அடியில் இருப்பது ஒரு பயம். 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படை கிளம்பியது, காங்கார்ட் ஊரில் உள்ளூர்க்காரர்கள் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றத்தான். மறுநாள் விடியலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. அரசு ஆயுதத்தைப் பிடுங்க வந்தது, குடியானவர்கள் கொடுக்க மறுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, 'துப்பாக்கியைப் பதிவு செய்' என்ற சட்டம் பின்னாளில் எப்படிக் காதில் விழும் என்று யோசிக்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்ட் மேடே இன்னொரு கதை சொல்லும். போர் முடிந்து ஊர் திரும்பிய உழவர்கள் பலருக்குப் படைச்சம்பளம் ஒழுங்காக வரவில்லை. கடனுக்கும் வரிக்கும் நிலம் ஏலம் போனது. போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேய்ஸ் போன்றவர்களின் தலைமையில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 1787 ஜனவரி 25 அன்று பனியில் நடந்து இங்கிருந்த ஆயுதக் கிடங்கைப் பிடிக்க வந்தார்கள். மாநிலப் படை பீரங்கியால் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள். அதே ஆண்டுக் கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் அரசமைப்பை எழுதக் கூடியவர்களின் மனத்தில் இந்தக் கலகம் இருந்தது. மைய அரசுக்கு வலு வேண்டும் என்றது ஒரு தரப்பு. நிரந்தரப் படை வைத்துக்கொண்ட மைய அரசு நாளை நம்மீதே திரும்பும் என்றது மறுதரப்பு. 1791-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திருத்தம் அந்த இழுபறியில் பிறந்தது. ஊர்மக்களே சேர்ந்து அமைக்கும் மிலிஷியாப் படையையும், மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அது ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டது. மறு ஆண்டே வந்த சட்டம், 18 முதல் 45 வயதுவரை உள்ள வெள்ளை ஆண்கள் தங்கள் செலவில் துப்பாக்கி வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றது. அன்றைக்கு அது கடமையாகவே இருந்தது. மிலிஷியாவுக்கு அப்பாற்பட்ட தனிமனித உரிமை அது என்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுச் சொன்னது 2008-இல், ஹெல்லர் வழக்கில். நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து கொடுத்த தீர்ப்பு அது.

பயம் மட்டும் கோடிக்கணக்கான துப்பாக்கிகளை வீடுகளுக்குள் கொண்டுசேர்க்காது. அதற்குத் தொழிற்சாலை வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு அதைக் கொடுத்தது. துப்பாக்கியின் மரக்கட்டை வளைவும் நெளிவுமாக இருப்பதால் ஒவ்வொன்றையும் தச்சர் கையால் செதுக்க வேண்டியிருந்தது. மாதிரிக் கட்டை ஒன்றைத் தடவிப் பார்த்து அதேபோல் இன்னொன்றைத் தானே கடைந்து தரும் இயந்திரத்தை தாமஸ் பிளான்சார்ட் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் அமைத்தார். ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் அப்படியே மாட்டும் துல்லியம் மெல்ல மெல்லக் கைவந்தது. அந்தத் திறமையிலிருந்துதான் பின்னர் தையல் இயந்திரமும் சைக்கிளும் இதே ஊர்களில் ஆயிரக்கணக்கில் உருவாயின.

சாமுவேல் கோல்ட் ஹார்ட்ஃபோர்டுக்காரர். சுழலும் ரிவால்வருக்கு 1836-இல் காப்புரிமை வாங்கிய அவருடைய முதல் கம்பெனி, வாங்க ஆளில்லாமல் நொடித்துப்போனது. மெக்சிகோ போர்தான் அவரைக் காப்பாற்றியது. 1855-இல் ஆற்றங்கரையில் அவர் கட்டிய தொழிற்சாலையின் உச்சியில் தங்க நட்சத்திரங்கள் பதித்த நீலநிறக் குவிமாடம் ஒன்றை வைத்தார். அரசின் ஆர்டர் போர் உள்ளவரைதான். போர் முடிந்தால் பட்டறை சும்மா கிடக்கும். ஆகவே குடும்பங்களுக்கு விற்றாக வேண்டும். கோல்ட் அரசியல்வாதிகளுக்கும் அரசர்களுக்கும் பொன்வேலை செய்த ரிவால்வர்களைப் பரிசளித்தார். ஜார்ஜ் கேட்லின் என்ற ஓவியரைக் கொண்டு வேட்டைக் காட்சிகளில் தன் துப்பாக்கியை வரையவைத்து அச்சிட்டுப் பரப்பினார். வின்செஸ்டர் கம்பெனி தன் 1873-ஆம் ஆண்டு ரைபிளை, மேற்குப் பகுதியையே வென்ற துப்பாக்கி என்று பிற்பாடு விளம்பரம் செய்தது. அந்த மேற்கில் உண்மையில் நடந்தது வேறு. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில் ஊருக்குள் வருபவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. 1881-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கோரல் சண்டைக்கு உடனடிக் காரணமே, ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற விதியை மீறியவர்களை நிராயுதபாணிகளாக்கப் போனதுதான். துப்பாக்கியும் கட்டுப்பாடும் சேர்ந்தே குடியேறிய தேசம் அது. சினிமா துப்பாக்கியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

இந்த வரலாற்றில் கறுப்பின மக்களின் பக்கத்தைச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்றவர்கள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1892-இல் மெம்ஃபிசில் தன் நண்பர்கள் மூவரைக் கும்பலுக்குப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், சட்டம் காக்க மறுக்கும்போது ஒவ்வொரு கறுப்பினக் குடும்பமும் வீட்டில் ஒரு வின்செஸ்டர் ரைபிளுக்கு மரியாதையான இடம் தர வேண்டும் என்று எழுதினார். மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் 1956-இல் குண்டு வெடித்த பிறகு, அவரே கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். போலீஸ் வராது, வந்தாலும் நமக்காக வராது என்ற அனுபவம் உள்ளவர்கள் துப்பாக்கியைப் பற்றிக்கொள்வதை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

கிராமங்களில் காரணம் எளிமையானது. ஷெரீஃப் வந்துசேர வெகுநேரம் ஆகும். அப்பன் பிள்ளைக்கு மான் வேட்டை கற்றுக்கொடுப்பான். பென்சில்வேனியாவில் மான் பருவம் தொடங்கும் நாளில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஆனால் இந்தப் படம் மாறிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பதன் முதன்மைக் காரணம் என்ன என்று கேட்டபோது, 1999-இல் 49 சதவீதம் பேர் வேட்டை என்றார்கள், 26 சதவீதம் பேர் பாதுகாப்பு என்றார்கள். 2013-இல் பாதுகாப்பு 48, வேட்டை 32. மானுக்காக வாங்கியது அலமாரியில் பூட்டிக் கிடக்கும். மனிதனுக்குப் பயந்து வாங்கியது தோட்டாவோடு கட்டில் பக்கத்து மேசைக்கு வந்துவிடுகிறது. தேசிய ரைபிள் சங்கமும் இதே பாதையில்தான் திரும்பியது. 1871-இல் குறிபார்த்துச் சுடத் தெரியாத சிப்பாய்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கிய அமைப்பு அது. தலைமையகத்தையே கொலராடோவுக்கு மாற்றிவிட்டு, விளையாட்டிலும் வேட்டையிலும் கவனம் செலுத்தலாம் என்று அதன் தலைவர்கள் நினைத்திருந்தார்கள். 1977-இல் சின்சினாட்டியில் விடியவிடிய நடந்த கூட்டத்தில் உறுப்பினர்கள் அவர்களை நீக்கிவிட்டு, அரசியல் போராட்டத்தைக் கையிலெடுத்தார்கள்.

பள்ளத்தாக்கின் கம்பெனி ஒன்று அந்தப் போராட்டத்தின் சூட்டை நேரில் அனுபவித்தது. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கிளின்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் பூட்டு, உரியவர் மட்டுமே சுடக்கூடிய துப்பாக்கிக்கான ஆராய்ச்சி, விற்பனையாளருக்கு ஒழுங்கு விதிகள். சரணாகதி என்றது ரைபிள் சங்கம். வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். 1987-இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய கம்பெனியை, அதன் பிரிட்டிஷ் உரிமையாளர்கள் மறு ஆண்டே ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வேறெந்தப் பெரிய கம்பெனியும் அந்த வழியில் போகவில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்தவனைத் தண்டித்த இந்தச் சம்பவம், துப்பாக்கி மரணங்களைக் குறைக்கத் திறந்த ஒரு கதவை மூடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எத்தனை மரணங்கள்? 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். கொலையுண்டவர்கள் ஏறத்தாழ 21,000. தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் காணும் கூட்டக்கொலைகளில் சாகிறவர்கள் இந்தத் தொகையில் மிகச் சிறிய பங்கு. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக, பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே இறக்கிறார்கள். சட்டம் பற்றிய வாதம் பெரும்பாலும் இவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கோல்ட் பிறந்த கனெக்டிகட் மாநிலம் இரண்டு சட்டங்களை முயன்று பார்த்தது. 1995 முதல், கைத்துப்பாக்கி வாங்க முதலில் பயிற்சி முடித்து, பின்னணிச் சோதனையில் தேறி, உரிமம் பெற வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது துப்பாக்கிக் கொலைகள் கணிசமாகக் குறைந்திருந்தன. அதேபோன்ற உரிம விதியை 2007-இல் நீக்கிய மிசௌரியில் கொலைகள் கூடின. மற்றொன்று 1999-இல் வந்தது. முந்தைய ஆண்டு மாநில லாட்டரி அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் நான்கு பேரைச் சுட்டுக்கொன்றிருந்தார். தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரின் துப்பாக்கியை நீதிபதியின் உத்தரவோடு தற்காலிகமாக எடுத்துவைக்க அந்தச் சட்டம் வழிசெய்தது, நாட்டிலேயே முதன்முறை. இப்படி எடுத்துவைத்த 10 முதல் 20 நிகழ்வுகளுக்கு ஓர் உயிர் வீதம் தற்கொலையிலிருந்து தப்பியது என்கிறது பின்னாளைய ஆய்வு.

ஆனால் ஆபத்து சட்டத்தின் கண்ணில் படாமலும் போகும். 2012 டிசம்பர் 14 அன்று இதே மாநிலத்தின் நியூடவுனில், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் தாய் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிகள்தான் அவை. துப்பாக்கித் தொழில் சங்கத்தின் தலைமையகம் அப்போது அதே ஊரில் இருந்தது. நான்கு மாதம் கழித்து, பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதாவுக்கு செனட்டில் 54 வாக்குகள் கிடைத்தன. தேவைப்பட்டது 60.

நியூ ஹேவனின் நியூஹால்வில் பகுதி வின்செஸ்டர் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்தது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினக் குடும்பங்கள் பல அங்கே வேலை பார்த்தன. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கொடுத்த ஆலையில், 2006-இல் மூடும்போது 200 பேர்கூட மிஞ்சவில்லை. வேலை போன தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் பெருகியது. அங்கே 2012-இல் பாஸ்டனின் அனுபவத்தைக் கடன் வாங்கினார்கள். ஊரின் துப்பாக்கிச்சூட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் சில சிறு குழுக்கள்தான் என்பது அந்த அனுபவம். போலீஸ், பாதிரியார், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஆகியோர் அவர்களை நேரில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். சுட்டால் குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் வேலைக்கும் படிப்புக்கும் உதவி உண்டு. 1990-களில் இந்த முறை பாஸ்டனில் இளைஞர் கொலைகளை 63 சதவீதம் குறைத்தது. நியூ ஹேவனிலும் குழுச் சண்டைத் துப்பாக்கிச்சூடு குறைந்தது. ஆனால் பணமும் பொறுமையும் தீரும் இடங்களில் பலன் நிற்பதில்லை. பாஸ்டனிலேயே திட்டம் தளர்ந்ததும் கொலைகள் திரும்பின.

ஆற்றின் மேல்கோடியில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் கட்டுப்பாடுகள் குறைந்த மாநிலம். 2009-இல் அங்கே ஒரு வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். கடைக்காரர் இடிந்துபோனார். அவரும் வேறு சில வியாபாரிகளும் டார்ட்மத், ஹார்வர்டு பொதுச் சுகாதார ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை; மற்ற முயற்சிகளில் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். வேட்டை பற்றியோ பராமரிப்பு பற்றியோ ஒன்றும் தெரியாமல், எந்தத் துப்பாக்கியானாலும் சரி என்று அவசரப்படும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, எப்போது விற்க மறுப்பது என்பதை வியாபாரிகள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலத்தின் துப்பாக்கிக் கடைகளில் ஏறத்தாழ பாதி அவற்றை வைத்தன. வேறு பல மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. இதில் பதிவேடு இல்லை, பறிமுதல் இல்லை. குடித்திருக்கும் நண்பனிடமிருந்து கார் சாவியை வாங்கிவைப்பதைப் போல, மணமுறிவிலோ வேலை இழப்பிலோ மனம் உடைந்திருப்பவரின் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வாங்கிவையுங்கள் என்று கேட்கிறது அந்தக் காகிதம். அது கல்லாவுக்குப் பக்கத்தில், தோட்டாப் பெட்டிகளுக்கும் வேட்டை உரிமப் படிவங்களுக்கும் நடுவே இருக்கிறது.