உலாவியில் பயண வேகத்தை அறிவது எப்படி? கொல்கத்தா காட்டும் கணக்கு

கொல்கத்தா: டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு போக்குவரத்துக் குறியீட்டில், உலகில் வாகனங்கள் மிக மெதுவாக நகரும் நகரங்களின் வரிசையில் கொல்கத்தா இரண்டாவது இடத்தைப் பெற்றது. அங்கு 10 கி.மீ. தொலைவைக் கடக்க சராசரியாக 34 நிமிடம் 33 வினாடி ஆனது. அதாவது, மணிக்கு சுமார் 17 கி.மீ. வேகம். தாம் செல்லும் பேருந்தோ டாக்ஸியோ உண்மையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதைப் பயணி அறிய, தனிச் செயலி தேவையில்லை. கைப்பேசியின் உலாவியே போதும்.

வேகம் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்ததும், இருப்பிடத்தை அறிய அது அனுமதி கேட்கும். அனுமதித்தால், கைப்பேசியின் ஜி.பி.எஸ். கருவி கணித்த வேகத்தை உலாவி அந்தப் பக்கத்துக்கு அளிக்கிறது. இது வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற அளவில் வரும்; 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்பது கிடைக்கும். ஜி.பி.எஸ். கருவி இல்லாத மேசைக் கணினியில் இம்முறை பயன்படாது.

எல்லாப் பக்கங்களும் ஒரே வழியில் கணக்கிடுவதில்லை என்பதே கவனிக்க வேண்டியது. செயற்கைக்கோள் சமிக்ஞையின் அலைவெண் மாற்றத்தைக் கொண்டு கருவி கணிக்கும் வேகம் பெரும்பாலும் நம்பகமானது. மாறாக, அடுத்தடுத்த இரு இருப்பிடங்களுக்கு இடையிலான தொலைவை நேரத்தால் வகுக்கும் பக்கங்களில் பிழை பெருகும். ஒரு வினாடியில் இருப்பிடம் 10 மீட்டர் தவறினால், நின்றுகொண்டிருக்கும் டிராம்கூட மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடுவதாகத் திரை காட்டும். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் சமிக்ஞைகள் இத்தகைய பிழைக்கு முக்கியக் காரணம்.

நிலத்தடியில் நிலைமை வேறு. ஹூக்ளி ஆற்றின் அடியில் செல்லும் ஹௌரா மைதான்-எஸ்பிளனேடு மெட்ரோ பாதையைப் பிரதமர் மோடி 2024 மார்ச் 6-ஆம் தேதி தொடக்கி வைத்தார். செயற்கைக்கோள் சமிக்ஞை சுரங்கத்துக்குள் எட்டாது. வேக மதிப்பு கிடைக்காதபோது சில பக்கங்கள் வெறுமையாக நிற்கும். சில, பூஜ்யத்தையோ பழைய எண்ணையோ காட்டும். பழைய எண்ணை நம்புவதே ஆபத்து. இங்கு கடிகாரமே உதவும்: ஆற்றின் அடியில் உள்ள 520 மீட்டர் சுரங்கத்தை ரயில் சுமார் 45 வினாடிகளில் கடக்கிறது. இதன்படி வேகம் மணிக்கு ஏறத்தாழ 42 கி.மீ. மேலே சாலையில் கிடைக்கும் சராசரியைவிட இது இருமடங்குக்கும் அதிகம்.

பாதுகாப்பான ஹெச்.டி.டி.பி.எஸ். இணைப்பு உள்ள பக்கங்களுக்கு மட்டுமே இருப்பிடத் தகவலை அளிக்கும் நடைமுறை, 2016-இல் வெளியான குரோம் உலாவியின் 50-ஆம் பதிப்பில் வந்தது. எனினும், அனுமதி பெற்ற பக்கம் பயணியின் வழித்தடத்தைத் தனது சேவையகத்துக்கு அனுப்புவதை உலாவி தடுப்பதில்லை. எனவே, 'இம்முறை மட்டும்' என்ற அனுமதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வாகனம் ஓட்டுபவர் இதைக் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. பின்னிருக்கைப் பயணிக்கு அந்தத் தடை இல்லை. ஓட்டுநரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்ல, திரையில் தெரியும் எண் அவருக்கு உதவும்.